மேல்... மேல்... கீழ்... கீழ்...

மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. படிச்சதும் கட்டைவிரல் துடிக்குதா? அப்ப நீங்க நம்ம ஆளு! துடிக்காதவங்களுக்கு மட்டும்: 'கான்ட்ரா' கேம்ல டைட்டில் வர்றப்போ இதை அமுக்கினா, மூணு உயிருக்குப் பதிலா 30 உயிர். கசுஹிசா ஹஷிமோட்டோங்கிற ஜப்பான்காரர், 1986-ல் 'கிராடியஸ்' கேமை வீட்டு மெஷினுக்கு மாத்தினப்போ, தன்னாலேயே ஜெயிக்க முடியலைன்னு தனக்காக வச்சுக்கிட்ட குறுக்குவழி இது. அதே வழி பின்னாடி கான்ட்ராவுக்கும் வந்தது.

எங்க பிளாக்குக்கு அது வந்தது ஒரு கிழிஞ்ச புத்தகத்துல.

நெய்வேலி டவுன்ஷிப், தொண்ணூறுகளின் பிற்பாதி. கரன்ட் தயாரிக்கிற ஊர்ங்கிறதால கரன்ட் கட் அபூர்வம். கேம் ஆட இதைவிட வசதியான ஊர் உண்டா? ஒரே சிக்கல், ஷிஃப்ட். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட்னா பகல்ல தூங்கணும். அதனால நான் ஆடின மாரியோவுக்குப் பல வருஷம் குரலே கிடையாது. கேட்ரிட்ஜ் மேல '9999 இன் 1'னு போட்டிருக்கும். உள்ளே போனா அதே இருபது முப்பது கேம்தான் பேரை மாத்தி மாத்தி வரும்.

அந்தச் சமயத்துலதான் பக்கத்து குவார்ட்டர்ஸ் நண்பனோட மாமா அமெரிக்காவுல இருந்து அதைக் கொண்டு வந்தார். அட்டை இல்லாத ஒரு பழைய 'நிண்டெண்டோ பவர்'. 1987-ல் உறுப்பினர்களுக்கு இலவசமா அனுப்பின 'நிண்டெண்டோ ஃபன் கிளப் நியூஸ்'தான், 1988-ல் காசு கொடுத்து வாங்குற இந்தப் பத்திரிகையா மாறி 2012 வரைக்கும் வந்தது. கேம் விக்கிற கம்பெனியே ஆரம்பிச்ச பத்திரிகை. நியாயமாப் பார்த்தா முழுக்க விளம்பரம்தான். ஆனா அந்த விளம்பரத்தை எங்களை மாதிரி மனப்பாடம் பண்ணினவங்க யாரும் இருக்க மாட்டாங்க.

அதுல 'ஜெல்டா'ன்னு ஒரு கேமோட மேப் இருந்தது. ஆடினதை சேமிச்சு வைக்க கேட்ரிட்ஜுக்குள்ளேயே பேட்டரி வச்ச கேம் அது. எங்க 9999-ல் அது இல்லை. அதனால என்ன? படிச்சே ஆடினோம்! நண்பன் எட்டாவது, நான் ஆறாவது. அவன் இங்கிலீஷைப் படிச்சுத் தமிழ்ல கதையா சொல்லுவான். மொத்த மேப்பும் 128 கட்டம். கிராஃப் பேப்பர்ல 16-க்கு 8-ன்னு கோடு போட்டு, அழிரப்பரைக் கிள்ளி ஹீரோவா வச்சு நகர்த்துவோம். குகையில ஒரு தாத்தா கத்தி கொடுப்பார். அப்புறம் ஒன்பது சுரங்கம்.

சுரங்கம்னு அவன் சொன்னதும் எனக்குத் தெரிஞ்சது அப்பா வேலை பார்க்கிற சுரங்கம்தான். மேலே வானம் தெரியிற, படிப்படியா வெட்டின பெரிய பள்ளம். அதுல ராட்சச சக்கரத்தைச் சுத்திக்கிட்டு நிலக்கரியை வெட்டி எடுக்கிற மெஷின். அந்த மெஷின்தான் எனக்கு வில்லன். "ஒன்பதாடா? நம்ம ஊர்லயே ரெண்டுதானே இருக்கு!"ன்னு நான் கேட்டதுக்கு அவன் சிரிக்கலை. "மீதியை இனிமே வெட்டுவாங்க"ன்னான்.

அதிக ஸ்கோர் எடுத்த வாசகர்கள் பேரையும் அந்தப் பத்திரிகையில போடுவாங்க. டி.வி. திரையை போட்டோ எடுத்து அனுப்பணும். 36 போட்டோ எடுக்கிற ஃபிலிம் ரோலைக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எண்ணி எண்ணி செலவு பண்ற வீட்டுல இதெல்லாம் நடக்குமா? அதனால நாங்களே ஒரு லாங் சைஸ் நோட்டுல பத்திரிகை ஆரம்பிச்சோம். முதல் பக்கம் கான்ட்ரா கோட். அப்புறம் ஸ்கோர் பட்டியல்: பேர், தேதி, ஸ்கோர், சாட்சி கையெழுத்து. சாட்சி இல்லாத ஸ்கோர் செல்லாது. நாலு வீட்டுக்கு வாரம் ஒரு வீடுன்னு நோட்டு சுத்தும். சர்க்குலேஷன் மொத்தம் நாலு!

டவுன்ஷிப்புல வளர்ந்தவங்களுக்கு அடுத்தது என்னன்னு தெரிஞ்சிருக்கும். அங்கே எல்லாருக்கும் சொந்த ஊர் வேற. அப்பா ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். கொய்யா மரம் வச்சவங்க ஒருத்தர், காய் பறிக்கிறவங்க இன்னொருத்தர். நண்பன் வீட்டுல அவன்தான் கடைசிப் பையன். அவங்கப்பா ரிட்டயர் ஆனப்போ அவனுக்குப் பத்தாவது ரிசல்ட்கூட வரலை. கும்பகோணம் பக்கம் போயிட்டாங்க. புத்தகத்தை அவன் எடுத்துக்கிட்டான், நோட்டை எனக்குக் கொடுத்தான். கிராஃப் பேப்பரைப் பத்தி ரெண்டு பேருமே பேசலை. அது அவன் மேஜை டிராயர்லயே இருந்திருக்கும். மேஜையை லாரியில ஏத்தினதை நான் பார்த்தேன்.

அந்த நோட்டு இப்பவும் எங்கிட்ட இருக்கு. கடைசியா எழுதினது அவன்தான். பேரு, தேதி, மாரியோவுல அதுவரைக்கும் எங்கள்ல யாரும் எடுக்காத ஒரு ஸ்கோர். தேதி, அவன் கிளம்பினதுக்கு முந்தின நாள். அன்னிக்கு நான் அங்கே இல்லை. சாட்சி கையெழுத்துக்கான கட்டம் காலியா இருக்கு.