யார் வெல்வார்?

கூடைப்பந்துப் போட்டி வந்துவிட்டால் அம்பத்தூர் மாணவியராகிய எங்களுக்கு ஜோசியம் சொல்வதே வேலை! பெரும்பாலோர் உயரத்தைப் பார்த்துச் சொல்வர். நானோ ஃப்ரீ த்ரோவைப் பார்ப்பேன். அங்கே தடுப்பார் இல்லை. தூரமும் எல்லார்க்கும் ஒன்றே.

1998-ல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில், தம் பிரிவில் 16-ஆம் இடத்து ஹார்வர்டு மகளிர் முதலிடத்து ஸ்டான்ஃபோர்டை 71–67 என வென்றனர். ஆடவரில் அப்படியொரு வெற்றிக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

2017-ல் பெங்களூரில் நம் மகளிர் கஜகஸ்தானை 75–73 என வென்று, ஆசியக் கோப்பையின் 'ஏ' பிரிவுக்கு உயர்ந்தனர். அந்த அணியில் ஆடிய சென்னை அனிதா பால்துரை அப்போது ஒரு குழந்தைக்குத் தாய்.

"பத்தாம் வகுப்பு வந்தாயிற்று, இனி ஆட்டம் எதற்கு?" என்னும் பாட்டியிடம் இதைச் சொன்னேன். "பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்களாம்?" என்று கேட்டார். பிறகு, அலமாரியிலிருந்த பந்தை எடுத்துத் தந்தார். சனிக்கிழமை மட்டுமாம்.