பதின்மூன்று நிமிடம் இருபது வினாடி

என் ஆய்வேட்டின் ஒலியனியல் இயலிலிருந்து அரைப்பக்கத்தை இவ்வாரம் நீக்கினேன். காரணம் மொழியில் இல்லை. ஒரு செயற்கைக்கோள் மோடத்தின் கடிகார அமைப்பில் இருந்தது. தொலைவிலிருந்து தரவு திரட்டும் மாணவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

மினிக்காய்த் தீவில் பேசப்படும் மஹல், திவேஹியின் கிளைமொழி. சிங்களத்துக்கு நெருங்கிய உறவுடையது. தீவு கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவில் உள்ளது. கடலடி இழைக்கம்பி 2024 ஜனவரியில் தொடங்கிவைக்கப்படும் வரை அதன் வெளித்தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. என் பதிவுகள் அக்காலத்தவை. தீவில் ஒரு மூதாட்டி பேசுவார். இரவலாகக் கிடைத்த பழைய மோடம் ஒன்றின் வழியே கரையில் நான் பதிவு செய்வேன்.

திவேஹியில் குரல்வளை அடைப்பொலி சொல்லிறுதியில் வருவது அறியப்பட்டதே. என் பதிவிலோ அது சொல்லின் நடுவே, இரண்டு உயிர்களுக்கிடையே கேட்டது. அவரை மீண்டும் சொல்லச் சொன்னபோது அடைப்பு இல்லை. 'விருப்ப மாற்றம்' என்று குறித்துக்கொண்டு மேலே சென்றேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

இவ்வாண்டு அலைமாலைப் படங்களை மறுபடி பார்த்தபோதுதான் ஐயம் எழுந்தது. உண்மையான அடைப்பின் இருபுறமும் குரல்நாண் அதிர்வு தளர்ந்து ஒழுங்கு குலைவது வழக்கம். இங்கே ஒலி கத்தியால் அறுத்ததுபோல் நின்று, அவ்வாறே தொடங்கியது. அந்தப் பதிவு முழுவதிலும் இத்தகைய வெட்டுகளைத் தேடினேன். 7:12, 20:32, 33:52, 47:12 ஆகிய நேரங்களில் அவை இருந்தன. இரண்டு மௌனத்தில் விழுந்திருந்தன, இரண்டு சொல்லுக்குள். இடைவெளி ஒவ்வொன்றும் 13 நிமிடம் 20 வினாடி. எந்த மனிதரும் கடிகாரம் பார்த்து அடைப்பொலி எழுப்புவதில்லை.

பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். 'ஏற்பு பஃபர்: 16 மில்லிவினாடி, கடிகாரம்: உள்ளகம்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் நிலைத்திருப்பதாகச் சொன்னாலும் நாள்தோறும் சிறிது அலைகிறது. தரவு வந்துசேரும் நேரமும் அதற்கேற்ப ஒரு மில்லிவினாடி அளவுக்கு முன்பின்னாகும். அந்த அலைவைத் தாங்கவே பஃபர் உள்ளது. அது பாதி நிரம்பிய நிலையில் தொடங்குவதால் இருபுறமும் 8 மில்லிவினாடி இடம் உண்டு. தரவு தீவின் கடிகாரப்படி உள்ளே வந்தது. என் மோடத்தின் சொந்தக் கடிகாரப்படி வெளியேறியது. இரண்டுக்கும் வேறுபாடு பத்து லட்சத்தில் 10 பங்கு என்றால், வினாடிக்கு 10 மைக்ரோவினாடி விலகல் சேரும். 8 மில்லிவினாடி தீர 800 வினாடி ஆகும். அதுவே 13 நிமிடம் 20 வினாடி. அப்போது பஃபர் மீண்டும் பாதிக்குத் திரும்பும். மல்டிபிளெக்சர் சட்டக ஒழுங்கை மறுபடி பிடிக்கும்வரை ஒலி இராது. அந்த வெறுமைக்குத்தான் நான் ஒலிக்குறி இட்டிருந்தேன்.

பஃபரை 32 மில்லிவினாடி ஆக்கியிருந்தால் வெட்டு 26 நிமிடம் 40 வினாடிக்கு ஒருமுறை வந்திருக்கும்; நின்றிருக்காது. போய்த் திரும்பும் அலைவைப் பஃபர் தாங்கும். ஒரே திசையில் சேரும் விலகலைத் தள்ளிப்போட மட்டுமே அதனால் இயலும். கரை முனையின் கடிகாரத்தை, தீவிலிருந்து வரும் தரவின் கடிகாரத்தோடு பிணைத்திருக்க வேண்டும். 'உள்ளகம்' என்ற சொல் பாதுகாப்பானதாகத் தோன்றியதால் அதைத் தேர்ந்தேன், வேறு காரணமில்லை.

ஒலிவாங்கியின் பெயரையும் மாதிரியெடுப்பு வீதத்தையும் பதிவின் விவரக்குறிப்பில் தவறாமல் எழுதுகிறோம். ஒலி வந்த வழியின் அமைப்புகளையும் எழுதுவோம். குறிப்பேட்டின் அந்த ஒற்றை வரி இல்லாதிருந்தால் இக்காரணம் எனக்குத் தெரிந்திருக்காது. என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. அந்த மூதாட்டி தம் சொல்லைத் திருத்தமாகத் திரும்பச் சொன்னார். அவரை விட்டு, நான் கருவியை நம்பினேன்.