சூரியனுக்கும் ஓப்பனிங் பேலன்ஸ் உண்டு

கொடைக்கானல் என்றதும் ஏரி, படகு, சாக்லேட்தான் ஞாபகம் வரும். ஆனால் அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இருக்கின்றன. சூரியப்புள்ளிகளில் வாயு பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் இங்கேதான். அந்தக் கண்ணாடித் தட்டுகள் இப்போது டிஜிட்டல் கோப்புகள்.

இவற்றைப் பைதானில் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படமும் ஒரு ஆப்ஜெக்ட். தேதி, நேரம், வடக்கு எந்தப் பக்கம்... இவை தெரியாவிட்டால் படம் வெறும் வட்டம். சூரியன் சுழலும் வேகத்தைக் கூட அதில் அளக்க முடியாது. ஆகவே ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். அதைச் செய்வதுதான் 'இனிட்' மெத்தட். காமர்ஸ் பாஷையில் சொன்னால், புது லெட்ஜரில் எழுதும் ஓப்பனிங் பேலன்ஸ்!

இதில் ஒரு பொறி உண்டு. புள்ளிகளைச் சேர்த்து வைக்க, 'இனிட்' தலைப்பு வரியிலேயே டீஃபால்ட்டாக ஒரு காலி லிஸ்ட் எழுதினால், பைதான் அதை ஒரே முறைதான் உருவாக்கும். எல்லாப் படங்களுக்கும் அதே லிஸ்ட். 1909-ன் புள்ளிகள் 1910-ன் சூரியனிலும் வந்து உட்காரும். எரர் வராது, அதுதான் ஆபத்து. நூறு வருடக் கணக்கு சத்தமில்லாமல் தப்பாகிவிடும்.

அந்த இடத்தில் 'நன்', அதாவது ஒன்றுமில்லை என்று எழுதுங்கள். லிஸ்ட்டை மெத்தடுக்கு உள்ளே புதிதாக உருவாக்குங்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பக்கம், அவ்வளவுதான்.