மலைநாட்டுப் பயணம் - 4: திருகோணமலை வீதியில் ஒரு பள்ளிக்கூடம்

கண்டியில் டி. எஸ். சேனநாயக்க வீதியை, பழைய ஆட்கள் திருகோணமலை வீதி என்பார்கள். தலதா மாளிகைப் பக்கத்துக் கூட்டத்தை விட்டு விலகி, கடைகளைத் தாண்டி அந்த வீதியில் நடந்தால் மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. டிரினிட்டி கல்லூரி. இலங்கையில் கல்லூரி என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சர்ச் மிஷனரி சங்கம் 1872இல் நிலையாகத் தொடங்கிய ஆங்கிலிக்கன் ஆண்கள் பள்ளி இது. 1876இல் இன்றைய பெயர் வந்தது.

என்னோடு வந்தவர் மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். அப்பா அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மகன் எழுபதுகளில் இந்தப் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்தார்.

"மணி அடிச்சா எழும்பணும், மணி அடிச்சாச் சாப்பிடணும், மணி அடிச்சாப் படிக்கணும். தோட்டத்துல அப்பாவுக்குப் பெரட்டுத் தப்பு, எனக்கு இங்க மணி. அவ்வளவுதான் வித்தியாசம், தம்பி" என்றார். விடியுமுன் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக்களத்துக்கு அழைக்கும் தோட்டத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு அந்த ஒப்புமையின் கனம் புரியும்.

பத்து வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாராம். கண்டிக் குளிரில் பச்சைத் தண்ணீர்க் குளியல். மாலையில் விளையாட்டு, இரவில் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து படிப்பு, பிறகு சாரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூக்கம். பக்கத்துக் கட்டிலில் சிங்களப் பையன், அடுத்த கட்டிலில் முஸ்லிம் பையன். முதல் வாரம் அழுததையும், அழுகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தலையணையைக் கடித்ததையும் அவர் மறைக்கவில்லை. அந்த வயதில் வீட்டை விட்டுப் பிரிவது சிறிய விஷயமல்ல. விடுதிப் பள்ளிகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அந்த முதல் வாரத்தைத் தவறவிடுகிறார்கள்.

இந்தப் பள்ளிக்கு இன்றுள்ள முகத்தைக் கொடுத்தவர் அலெக்சாண்டர் கார்டன் ஃபிரேசர். ஸ்காட்லாந்துக்காரர், உகாண்டாவில் மிஷனரியாக இருந்துவிட்டு 1904இல் இங்கே அதிபராக வந்தார். வயது முப்பத்தொன்று. இங்கிலாந்தின் பள்ளிகளை அப்படியே கொண்டுவந்து நட்டுவைப்பதுதான் மிஷன் பள்ளிகளின் பெருமை என்று கருதப்பட்ட காலம் அது. பையன்கள் ஆங்கிலத்தைத் தேர்ந்த நாவோடு பேசினார்கள். தங்கள் ஊர்க்காரர்களோடு பேச அவர்களிடம் மொழி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சொந்த மக்களுக்கு அந்நியனாகிப் போனவனைப் படித்தவன் என்று சொல்ல ஃபிரேசர் தயாராக இல்லை. சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார். மூத்த மாணவர்களைச் சமூக சேவைச் சங்கம் ஒன்றில் சேர்த்து நகரத்து ஏழைகளின் நிலையைப் பார்க்க அனுப்பினார். விவசாயமும் கற்பிக்கப்பட்டது. ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் என்று நம்பிப் பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு இதெல்லாம் எளிதில் பிடித்திருக்காது. 1924 வரை இருந்தார். பிறகு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், அச்சிமோட்டா கல்லூரியின் முதல் அதிபரானார்.

தாய்மொழிக் கல்வியைப் பற்றி நாம் இன்றும் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். நூறாண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் அதைக் கால அட்டவணையில் எழுதி நடத்தியிருக்கிறார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழி வகுப்புகளும் இங்கே இன்று உண்டு.

ஃபிரேசரின் எண்ணம் கல்லில் நிற்பதைப் பார்க்கத் தேவாலயத்துக்குப் போக வேண்டும். கூரான கோபுரத்தையும் வண்ணக் கண்ணாடியையும் எதிர்பார்த்துப் போன எனக்கு முன்னால் இருந்தது ஒரு மண்டபம். செதுக்கிய கல்தூண்கள், சரிந்து இறங்கும் கண்டிக் கூரை, பக்கச் சுவர்களே இல்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. வடிவமைத்தவர் இங்கே ஆசிரியப் பணியிலிருந்த பாதிரியார் எல். ஜே. காஸ்டர். இருபதுகளில் தொடங்கிய வேலை, அர்ப்பணிப்பு நடந்ததோ 1935இல்.

முந்தின நாள்தான் கண்டி அரண்மனையின் மகுல் மடுவவைப் பார்த்திருந்தேன். மதுரை நாயக்கர் வழிவந்த ராஜாதி ராஜசிங்கன் 1783இல் கட்டத் தொடங்கிய அரசவை மண்டபம். 1815இல் கண்டி ராஜ்ஜியம் ஆங்கிலேயர் கைக்குப் போன உடன்படிக்கை கையெழுத்தானதும் அங்கேதான். அது மரத்தூண், இது கல்தூண். சாயல் ஒன்று.

உள்ளே டேவிட் பெயின்டரின் சுவரோவியங்கள் நான்கு. 1900இல் இமயமலை அடிவார அல்மோராவில் பிறந்தவர்; தந்தை ஆங்கிலேயர், தாய் சிங்களவர். ஊட்டியில் ப்ரீக்ஸ் நினைவுப் பள்ளியிலும் பிறகு டிரினிட்டியிலும் படித்து, லண்டன் ராயல் அகாடமிக்குப் போய்த் திரும்பியவர். சீடர்களின் கால்களைக் கழுவுவதும் நல்ல சமாரியனும் இங்கே இருக்கின்றன. ஆனால் எவரையும் நிறுத்திவைப்பது சிலுவைக் காட்சி. கண்டல் காட்டுச் சதுப்பில் நிற்கிறது சிலுவை. அதில் தாடியில்லாத இயேசு, ஏறக்குறைய ஓர் இளைஞன். தினமும் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்குக் கடவுள் கடல் கடந்து வந்தவராகத் தோன்றியிருக்க மாட்டார். பிச்சாவரத்துக் கண்டல் வேர்களைப் பார்த்திருந்த எனக்கும் அப்படித்தான் இருந்தது.

விளையாட்டைச் சொல்லாமல் இந்தப் பள்ளியைச் சொல்ல முடியாது. ரக்பியில் 1906இலேயே அண்டைப் பள்ளியான கிங்ஸ்வுட்டோடு மோதியவர்கள். 1945 முதல் கொழும்பு ராயல் கல்லூரியோடு பிராட்பி கேடயத்துக்கு ஆடுகிறார்கள். இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றியைத் தீர்மானிப்பார்கள். ஆண்டின் சிறந்த மாணவனுக்கு ரைட் தங்கப் பதக்கம். 1950இல் அதைப் பெற்றவர் லக்ஷ்மன் கதிர்காமர். மானிப்பாய்க் குடும்பத்துப் பிள்ளை, பின்னாளில் ஆக்ஸ்போர்டு யூனியன் விவாத மன்றத் தலைவர், இலங்கை வெளியுறவு அமைச்சர், 2005இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டவர். தமிழர்களுக்குள் அவரைப் பற்றிய கருத்து இன்றும் இரண்டுபட்டுத்தான் நிற்கிறது. 1996இல் அதே பதக்கம் கிரிக்கெட் வீரர் குமார் சங்கக்காரவுக்கு.

அஸ்கிரிய மைதானம் 1915இலிருந்து பள்ளியின் சொத்து. ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் 1983இல் இலங்கையும் ஆஸ்திரேலியாவும் கிரிக்கெட் டெஸ்ட் ஆடின. டிரினிட்டியின் நெடுநாள் எதிரணி கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. அந்தக் கத்தோலிக்கப் பள்ளியின் விடுதிப் பையன் ஒருவன்தான் 2007 டிசம்பரில் இதே மைதானத்தில் இங்கிலாந்தின் காலிங்வுட்டை வீழ்த்தி, ஷேன் வார்னின் 708 விக்கெட் சாதனையைத் தாண்டினான். முத்தையா முரளிதரன். என்னோடு வந்தவருக்கு அந்த நாளைச் சொல்லும்போது பழைய பள்ளிப் பகை நினைவுக்கு வரவே இல்லை. "நம்ம மலையகத்துப் பிள்ள" என்றார்.

1960, 61இல் அரசாங்கம் உதவிபெறும் பள்ளிகளைத் தன்வசம் எடுத்தபோது கிங்ஸ்வுட் அரசுப் பள்ளியானது. டிரினிட்டி திருச்சபையோடே நின்றுவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. தேவாலயத்துப் படியில் ஒதுங்கினோம். விடுதி நாட்களில் அவர் ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவாராம். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு தாள், அம்மாவுக்குத் தமிழில் ஒரு தாள்.

"அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தங்கச்சிதான் வாசிச்சுக் காட்டுவா. லயத்துப் பொம்பளைங்க அத்தன பேரும் வந்து உக்காந்து கேப்பாங்களாம். அதனால நான் எல்லாரையும் பேர் சொல்லி விசாரிச்சு எழுதுவேன்."

"அந்தக் கடிதங்கள் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு எழுதினது ஒண்ணுகூட இல்ல, தம்பி. அம்மா தன்னோடத எல்லாம் அந்த டிரங்குப் பெட்டியில வச்சிருந்தாங்க."

(பயணம் தொடரும்)