அறுந்த இழை

(இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

பாவில் ஓர் இழை அறுந்தால் நெய்பவர் உடனே நாடாவை நிறுத்துவார். அறுந்ததைத் தேடி முடிச்சிட்ட பிறகே மேலே நெய்வார். இழை அறுந்ததற்காக வெட்கப்பட்ட நெசவாளியை எங்கள் ஆரணியில் நான் கண்டதில்லை. ஆனால் மனத்தில் ஓர் இழை அறுந்தால்?

சென்ற ஆண்டு எங்கள் ஆயா காலமானார். தாத்தாவுக்கு ஐம்பது ஆண்டுகள் தார் சுற்றிக் கொடுத்த கை ஓய்ந்தது. அதன்பின் தாத்தா தறிக்குழியில் இறங்குவார், மிதிமேல் கால் இருக்கும், நாடா ஓடாது. இரவெல்லாம் திண்ணையில் விழித்திருப்பார். "வயசானா அப்படித்தான்" என்றார் அப்பா. அத்தை தாயத்துக் கட்டினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவன் நான். ஒருநாள் துணிந்து, "மனநல டாக்டரைப் பார்க்கலாம் தாத்தா" என்றேன்.

"என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பாக்கிறியாடா? உன் தங்கச்சியை எவன் கட்டுவான்?"

அந்த ஒரு சொல்லில்தான் எத்தனை அச்சம்! சென்னையில் 1794-இல் தொடங்கிய மனநோயாளர் இல்லம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்குச் சென்றது. அன்று முதல் எத்தனையோ பேர் அங்கே நலம்பெற்றுத் திரும்பியிருக்க, ஊரார் வாயில் அவ்வூரின் பெயர் வசையாகவே நின்றுவிட்டது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் 28 மனநோயாளிகள் தீயில் மாண்டனர். சங்கிலி அவர்களை ஓடவிடவில்லை. இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த தலைமுறையின் அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கலாமா? சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது என்பதை அவர்களிடம் யார் போய்ச் சொன்னோம்?

நான் பொய் சொன்னேன். தூக்கத்துக்கு மருந்து தரும் டாக்டர் என்று அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். தாத்தாவுக்குப் பலகையைப் படிக்கத் தெரியாது என்ற துணிச்சல்! மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன புடவை நெய்வீங்க, ஐயா?" என்பதைத்தான். பட்டு, ஜரிகை, பேட்டு என்று தொடங்கிய தாத்தா ஆயாவில் வந்து நின்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். இது மனச்சோர்வு, முதுமையின் இயல்பு அன்று, குணப்படுத்தலாம் என்றார் மருத்துவர்.

திரும்பும்போது பேருந்தில் தாத்தா சொன்னார்: "எந்த டாக்டருன்னு எனக்குத் தெரியும்டா. அங்க உக்காந்திருந்தவங்களும் நம்மள மாதிரி மனுசங்கதான். ஒருக்கா வேணாம்னா, இன்னொருக்கா கேட்டிருக்கலாமே. ஏன்டா பொய் சொன்னே?"

என் தலை கவிழ்ந்தது. வெட்கம் தாத்தாவிடம் மட்டுமா இருந்தது? அந்தப் பெயரைச் சொல்லக் கூசிய என்னிடமும் இருந்ததே!

இன்று தாத்தா அரைநாள் நெய்கிறார். சில இரவுகள் இன்னும் விழித்திருக்கிறார். மருத்துவமனைக்குப் போகும் நாளை என்னைவிட அவரே நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு முதியவர் உறங்காமல் இருக்கலாம். 14416 என்ற இலவச எண்ணில், 2022 முதல், மனநல ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன் அவர் அருகில் அமர்ந்து பேசுங்கள். ஒருமுறை மறுத்தால் மறுமுறை கேளுங்கள். பொய் மட்டும் வேண்டாம்.