ஒரே எண், இரண்டு இடம்

8052-இல் அசெம்பிளி எழுதுபவருக்கு உள்ளே கிடைக்கும் ராம் மொத்தமே 256 பைட். இந்தச் சிக்கனம்தான் எனக்கு இந்தச் சிப்பின் மேல் பிரியத்தை உண்டாக்கியது. ஒரு வேரியபிளை எங்கே வைக்கலாம் என்று யோசிக்கும் முன்பே, அதை எப்படித் தொடப்போகிறோம் என்று முடிவு செய்யச் சொல்கிறது.

ஹெக்ஸ் 90-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'மூவ் ஏ, 90எச்' என்று நேரடியாக எழுதினால் போர்ட் 1-இன் பின்களில் உள்ள நிலை அக்யுமுலேட்டருக்கு வரும். அதே 90-ஐ ஆர்0-வில் போட்டு 'மூவ் ஏ, @ஆர்0' என்றால் ராமில் கிடக்கும் ஒரு சாதாரண பைட் வரும். எண் ஒன்றுதான், போன வழி வேறு. 1980-இல் இன்டெல் கொண்டுவந்த 8051-இல் ராம் 128 பைட்தான். மேல் பாதி எண்களில் போர்ட், டைமர் போன்ற சிறப்பு ரிஜிஸ்டர்கள் உட்கார்ந்திருந்தன. 8052-க்கு இன்னும் 128 பைட் சேர்த்தபோது எட்டு பிட்டில் புது எண் மிச்சமில்லை. பழைய எண்களையே கொடுத்து, மறைமுகமாக மட்டும் எட்டும்படி வைத்துவிட்டார்கள்.

ஹெக்ஸ் டம்ப்பில் கூட்டல் கட்டளைகளைப் பார்த்தால் இந்த ஒழுங்கு கண்ணுக்கே தெரியும். 24 வந்தால் அடுத்த பைட்டே மதிப்பு. 25 என்றால் அடுத்த பைட் முகவரி. 26, 27 இரண்டும் ஆர்0, ஆர்1 காட்டும் இடம். 28 முதல் 2எஃப் வரை எட்டு ரிஜிஸ்டர்கள். இவற்றுக்கு இரண்டாவது பைட்டே வேண்டாம். பாயின்ட்டராக ஏன் இரண்டே ரிஜிஸ்டர்கள் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இந்த வரிசையிலேயே பதில் இருக்கிறது: அதற்கு ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு பிட்.

நான் இடம் பிரிப்பதும் இப்படித்தான். அடிக்கடி தொடும் கவுன்ட்டர்கள் கீழ்ப் பாதியில். சீரியல் பஃபர் மேல் பாதியில். அதில் எப்படியும் பாயின்ட்டரை நகர்த்தித்தான் போகப்போகிறோம். ரீசெட்டில் 07-இல் நிற்கும் ஸ்டாக் பாயின்ட்டரையும் அங்கே ஏற்றிவிடுவேன். அது போவதும் மறைமுக வழிதான். ஃபிளாக்குகளுக்கு 20 முதல் 2எஃப் வரை: 16 பைட்டில் 128 பிட், ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். செவன் செக்மென்ட் அட்டவணை மாறவே மாறாது, அதற்கு ராம் எதற்கு? கோடிலேயே இருக்கட்டும். டிபிடிஆரில் அட்டவணையின் தொடக்கம், ஏ-யில் இலக்கம். 'மூவ்சி ஏ, @ஏ+டிபிடிஆர்' முடிந்ததும் எரிய வேண்டிய செக்மென்ட்டுகள் ஏ-யில் தயார்.

சி-யில் எழுதினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. கெயில் கம்பைலரில் 'டேட்டா', 'ஐடேட்டா', 'பிடேட்டா', 'கோட்' என்று நாம்தான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மெமரி மாடலைப் பார்த்து அதுவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அதனால் வேரியபிள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் தொடும் முறையைக் குறித்த பிறகே முதல் வரியை எழுதுகிறேன்.