கொரியா போனோம் – 4: மூவாயிரம் வோன் மிச்சம்

கியோங்போக்குங் அரண்மனைக்கு நுழைவுச் சீட்டு 3,000 வோன். ஹான்போக் என்ற பாரம்பரிய உடையில் போனால் அதுவும் வேண்டாம், சும்மாவே உள்ளே விடுவார்கள். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து என் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரண்மனையைச் சுற்றித் தெருத்தெருவாக வாடகை உடைக் கடைகள். மூவாயிரத்தை மிச்சம் பிடிக்க அதைப்போலப் பல மடங்கு வாடகை கொடுத்தோம். “இருக்கட்டுங்க, போட்டோ வருதுல்ல” என்றாள். அதற்கு மேல் பேச முடியுமா?

1395-இல் கட்டிய அரண்மனை. 1592 ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் பாழாய்க் கிடந்து, 1867-இல் மறுபடி எழுந்தது. அதன்பின் வந்த ஜப்பானிய ஆட்சி பெரும்பகுதியை இடித்துவிட்டு, முன்புறத்தில் தன் தலைமைச் செயலகத்தைக் கட்டிக்கொண்டது. அந்தக் கட்டடத்தைக் கொரியர்கள் 1995-96-இல் தகர்த்தார்கள். ஆக, இன்று நாம் அண்ணாந்து பார்ப்பதில் பெரும்பாலானவை புதிதாகக் கட்டியவைதான். அதனாலோ என்னவோ, பச்சையும் சிவப்புமான உத்தரங்கள் என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. அரியணை மண்டபத்து முற்றத்தில் வரிசையாக நட்டிருந்த குட்டைக் கற்கள் பிடித்திருந்தன. எந்தப் பதவிக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். கிழக்கே நிர்வாக அதிகாரிகள், மேற்கே படைத்தலைவர்கள். சின்னப் பதவி என்றால் ராஜா முகம் தெரியாத தூரம்.

உடையைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வினை வந்தது. பாவாடை விளிம்பில் மண் கறையாம். சலவைக்கு 20,000 வோன் தனியாம். கடைக்காரப் பெண் கைப்பேசியில் தட்டிக் காட்டினாள். தரையைப் பெருக்கும் நீளத்தில் பாவாடையைக் கொடுத்துவிட்டு மண் படாமல் வா என்றால் எப்படி? “நான் என்ன பறந்தா போவேன்?” என்று என் மனைவி தமிழிலேயே கேட்டாள். மொழிபெயர்ப்புச் செயலி அதை என்னவென்று சொன்னதோ, அந்தப் பெண் மிரண்டு போய்விட்டாள்.

பேத்தியோடு உடை எடுக்க வந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்தார். பாவாடையை வாங்கினார். கைப்பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து, விளிம்பை மடியில் விரித்து, பொறுமையாகத் துடைத்தார். கறை போய்விட்டது. கடைக்காரியிடம் இரண்டே வார்த்தை சொன்னார். அவள் தலை குனிந்து, பிணையாக வாங்கி வைத்திருந்த எங்கள் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். நாங்கள் கும்பிட்டதும் பாட்டி வெட்கப்பட்டுச் சிரித்தார். பேத்தி மூலம் ஒரு யோசனையும் சொன்னார்: சாங்கியோங்குங் போங்கள், கூட்டம் இருக்காது.

போனோம். 1483-இல் அரச குடும்பத்து மூத்த ராணிகளுக்காகக் கட்டிய அரண்மனை. 1909-இல் ஜப்பானியர் இதற்குள் மிருகக்காட்சிசாலை திறந்தார்கள், செர்ரி மரங்களை நட்டார்கள், பிறகு அரண்மனை என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். ராஜா வீட்டில் புலிக்கூண்டு! விடுதலைக்குப் பிறகும் சியோல்வாசிகள் இங்கேதான் இரவில் பூப் பார்க்க வந்தார்களாம். 1980-களில் விலங்குகளை வெளியேற்றி, செர்ரி மரங்களையும் பெயர்த்து யோயிடோ உள்ளிட்ட இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். பூ என்ன பாவம் செய்தது என்று எனக்குத் தோன்றியது. ஓடைப் பாலத்தருகே மிச்சமிருந்த பூக்களைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் விரட்டவில்லை.

சாப்பாட்டுக்கடையில் சோறு மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வந்தது. பேர் வெட்டியிருக்கிறதா என்று என் மனைவி கவிழ்த்துப் பார்த்தாள். தொட்டுக்கை எத்தனை முறை கேட்டாலும் காசில்லை. கிம்ச்சியில் உப்பிட்ட இறால் சேர்ப்பதுண்டு, சைவர்கள் விசாரித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: சுரங்க ரயில் நிலையக் கழிப்பறைகளில் கட்டணமும் இல்லை, நாற்றமும் இல்லை. நம்மூரில் காசு கொடுத்து மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

யோயிடோவுக்கும் போனோம். பூவைவிடக் கைப்பேசிகள் அதிகம். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து கியோங்ஜு. “அங்க அரண்மனையே கிடையாதுங்க, ராஜாக்களோட சமாதி மேடுதான்” என்று சத்தியம் செய்துதான் என்னை ரயில் ஏற்றினாள். ரயிலில் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினேன். தோங்குங் அரண்மனை, குளத்தோடு, ஒரு முழுப் பக்கம்.